முழங்காலை மடக்கியவள்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது என் வலது முழங்காலில் தசைநார் அறுந்தது. செந்துறையில் எங்கள் பள்ளி மைதானத்தில், கபடிப் பயிற்சியின்போது, ரெய்டு போன என் கணுக்காலைப் பிடித்து இழுத்தவள் அத்தை மகள். பாதம் மண்ணிலேயே ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் திரும்பிக்கொண்டது. விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவள் பிடித்தது முறையான பிடிதான். அதை ஒப்புக்கொள்ளத்தான் எங்கள் வீட்டில் யாருக்கும் மனமில்லை.

திருச்சியில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு வந்தேன். தொடை சூம்பியிருந்தது. முழங்கால் பலாக்காய்போல வீங்கிக் கிடந்தது. அரியலூரில் பயிற்சி கொடுத்த பிசியோ அக்கா, "வலிக்குதுன்னு விட்டுட்டீங்கன்னா மூட்டு இறுகிப்போயிடும்" என்று அம்மாவை எச்சரித்து அனுப்பினார்.

அன்றிலிருந்து பள்ளி விட்டதும் அத்தை மகள் வந்துவிடுவாள். நான் குப்புறப் படுத்துக்கொள்ள, குதிகாலைப் பிடித்துக் கொஞ்சங்கொஞ்சமாக மடக்குவாள். நான் கத்துவேன், பாயைப் பிறாண்டுவேன், வாயில் வந்தபடி திட்டுவேன். விடமாட்டாள்.

"இன்னும் கொஞ்சந்தான்டி. பல்லக் கடிச்சுக்க."

அம்மா அவளுக்கு ஒருநாளும் ஒரு வாய் காபி கொடுத்ததில்லை.

மூன்றாம் மாதம், பெரம்பலூரில் நடக்கவிருந்த போட்டிக்கு அணி தேர்வானது. அம்மாவின் போனுக்கு வந்த பட்டியலில் அவள் பெயர் இருந்தது. என் இடத்தில், ரெய்டராக. அவள் என்னிடம் மூச்சே விடவில்லை. அன்று மாலை என் காலைத் தொட்டதும் கேட்டேன்.

"என் கால ஒடச்சுட்டு என் எடத்துலயே ஆடப் போறியா?"

அடுப்படியில் இருந்த அம்மாவின் காதில் அது விழுந்தது. அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். அத்தை மகள் என் காலைத் தலையணைமேல் பதமாக இறக்கி வைத்தாள். "போயிட்டு வரேன்" என்றாள்.

மறுநாள் வரவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிப் பெரம்பலூருக்கும் போகவில்லையாம். அப்புறம் கபடிப் பக்கமே அவள் வரவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

அதன்பின் அம்மாதான் காலை மடக்கிவிட்டாள். நான் முகம் சுளித்ததும் விட்டுவிடுவாள், தலையைத் தடவிக்கொடுப்பாள். அடுத்த முறை பிசியோ அக்கா அளந்து பார்த்துவிட்டு, "முன்ன நல்லா மடங்கிட்டு வந்துச்சே, அப்ப யாரு செஞ்சுவிட்டது?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

ஒரு வருடம் கழித்து மெல்ல ஓட முடிந்தது. ஆனால் கால் முழுதாக மடங்கவே இல்லை. உட்கார்ந்து எழ முடியாதவளைக் கபடியில் யார் சேர்ப்பார்கள்?

அவள் வந்துகொண்டிருந்த நாட்களில், ஒருமுறை பீரோக் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். என் அலறலுக்கு நடுவே, பிடியை விடாமல், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கன்னத்தைத் தோளில் துடைத்தாள். வேர்வை என்றுதான் நினைத்தேன்.