கம்பளி காயாத மழைக்காலம்

என் மகளுக்கு மூன்று வயது முடிவதற்குள், "ம்மா, வருது" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடக் கற்றுக்கொடுத்துவிட்டேன். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தங்க வயலில், மாரிகுப்பத்தில், சுரங்கக் கூலிகள் குடியிருந்த எங்கள் லைன் முழுக்க, தண்ணீர் பிடிக்கிற இடத்தில், அரிசிக் கடையில், ஜெபவீட்டு வாசலில், அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் மிஷன் பள்ளியில் நாலாவது வரை படித்தவள். எழுதப் படிக்கத் தெரிந்தவளுக்குப் பிள்ளை வளர்ப்பதும் தானாகத் தெரிந்துவிடும் என்று அப்போது நினைத்திருந்தேன்.

"எம் பொண்ணு பாவாடய நனச்சதே இல்ல" என்பேன். பகலிலா ராத்திரியிலா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ராத்திரி நிலவரம் வேறு. விளக்கை அணைத்துப் படுத்தால், விடியும்போது பாய், பாவாடை, கம்பளி மூன்றும் நனைந்திருக்கும். கேட்டால், "நானு தூங்கச்சொல்ல யாரோ வந்து தண்ணி ஊத்திட்டாங்கம்மா" என்பாள். அந்த யாரோ எங்கள் வீட்டுக்கு வாரம் ஏழு நாளும் தவறாமல் வந்துபோனார்.

எங்கள் வடாற்காட்டு வெயிலாக இருந்தால் எதையும் ஒரு மணி நேரத்தில் உலர்த்தி மடித்து வைத்துவிடலாம். தங்க வயல் மேட்டு நிலம். காலையில் குளிர் எலும்பைப் பிடிக்கும். கறுப்புக் கம்பளி ஒருமுறை நனைந்தால் உலர இரண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் தன் வாசனையால் தான் இருப்பதை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கும். எங்கள் வீடுகளோ சுரங்கக் கம்பெனி போட்டுக்கொடுத்த மூங்கில் தட்டி வீடுகள். ஒரு தட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். இதில் ரகசியமாக ஒரு கம்பளியை உலர்த்துவது எப்படி? ஒரு நாள் வாசலில் கொடி கட்டிப் போட்டேன். அன்று பத்து மணிக்குள் லைன் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது.

முதலில் வந்தவர் மேஸ்திரியம்மா. லைனுக்கு ஆள் கொண்டுவந்த மேஸ்திரியின் மனைவி என்பதால் அவர் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். கம்பளியின் ஒரு முனையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, உம் பொண்ணு நனைக்கறதே இல்லேன்னு சொன்னாங்களே?"

"ராத்திரில மட்டும்தான் அக்கா."

"ராத்திரி நனச்சா நனச்ச கணக்கு இல்லியா? எம் பையனுக்கு ஏழு வயசு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு பாய் ஈரமாச்சின்னு சொல்ல முடியுமா? வெளக்கு வெச்சப்புறம் தண்ணி குடுக்காத. தானா நிக்கும்."

அவர் சொன்னதை அப்படியே செய்தேன். விளக்கு வைத்தபின் சொம்பு, குடம் எல்லாவற்றையும் எட்டாத இடத்தில் வைத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம், கோழிக்கு வைத்திருந்த மண் தட்டில் வாய்வைத்து என் மகள் குடித்துக்கொண்டிருந்தாள். கோழி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அன்றோடு அந்த வைத்தியத்தை நிறுத்தினேன்.

பிறகு கம்பெனி ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். இருமலுக்கும் அடிபட்ட காலுக்கும் கொடுக்கிற அதே சிவப்பு மருந்தை ஒரு சீசாவில் ஊற்றி, "வேளைக்கு ஒரு ஸ்பூன், கூடவே ஒரு சொம்புத் தண்ணி, கட்டாயம்" என்றார். அந்த வாரம் எங்கள் வீட்டில் பாய் மட்டுமல்ல, பாய்க்குக் கீழே சாணி மெழுகிய தரையும் ஊறிப்போனது.

உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்களுக்குப் பிரசங்கம் செய்கிறவர். அவருக்கும் சேதி எட்டியது. குடையோடு வந்து வாசலில் நின்றுகொண்டே, "அம்மா, ஒழுங்கு இருதயத்தில் தொடங்குகிறது. படுக்குமுன் பிள்ளை முழங்கால்படியிட்டு ஜெபிக்கிறதா?" என்று கேட்டார். ஜெபிக்கிறாள் என்றேன். "இன்னும் நீளமாக ஜெபிக்கச் செய்யுங்கள்" என்றார். அப்படியே செய்தேன். ஜெபத்தின் பாதியிலேயே அவள் முழங்காலில் தூங்கிப்போவாள். வெளியே போய்வர வேண்டிய நேரம் ஜெபத்தில் போய்விடும். தூக்கிப் பாயில் போடுவேன். மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரர் சுரங்கக் குழிக்குள் மரம் முட்டுக் கொடுக்கிற வேலையில் இருந்தார். பாதி நாள் ராத்திரி ஷிப்ட். காலையில் வந்ததும் கொடியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார்.

"குழி லெவல்ல தண்ணி ஊறினா பம்பு வெக்கறான் வெள்ளக்காரன். இதுக்கு இன்னாத்த வெக்கறது?" என்பார்.

"நீங்களும் ஒரு வழி சொல்லுங்களேன்."

"ஷிப்ட்டு சங்கு ஊதச்சொல்ல எழுப்பி வெளிய இட்டுகினு போ. கம்பெனியே நேரம் சொல்லுது. உனக்கு இன்னா கஷ்டம்?"

சொல்கிற ஆள் அந்த நேரத்தில் பூமிக்கு அடியில் இருப்பார். எழுப்பிப் பார்த்தேன். நிற்க வைத்தால் நின்றுகொண்டே தூங்கினாள், உட்கார வைத்தால் உட்கார்ந்தபடியே. உள்ளே கொண்டுவந்து படுக்கவைத்து நான் கண்ணை மூடியதும் வேலையை முடித்துவிடுவாள். சங்கு ஊதியதில் நான் மட்டும்தான் முழுசாக விழித்துக்கொண்டேன்.

இப்படி இரண்டு மாதம் போனபின் ஒரு நாள் காலையில் அவளைத் தொடையில் அறைந்துவிட்டேன். கம்பளி நனைந்தது ஒரு காரணம். முந்தின நாள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் மேஸ்திரியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தது பெரிய காரணம். பிள்ளை அழவில்லை. ஈரப் பாவாடையோடு மூலையில் போய் நின்றுகொண்டாள்.

அடுத்த நாள் விழித்தால் பக்கத்தில் அவளைக் காணோம். கம்பளி மடித்து வைத்திருந்தது. பாய் காய்ந்திருந்தது. ஒரு கணம் சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவள் கதவோரம், கோழிக் கூடைக்குப் பக்கத்தில், வெறும் மண் தரையில் சுருண்டு கிடந்தாள். சுற்றிலும் தரை நனைந்திருந்தது. உடம்பு சில்லென்று இருந்தது.

தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, "ஏண்டி இங்க வந்து படுத்தே?" என்று கேட்டேன்.

"கம்பிளி நனயாதும்மா."

"கதவு வரைக்கும் வந்தியே, வெளிய போவலாம் இல்ல? என்னக் கூப்ட்டா வரமாட்டனா?"

என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு என் காதில் சொன்னாள்: "வெளிய குழி கீது. நைனா தெனம் அதுல போய்ட்றாரு. நானு போமாட்டேன்."

பகலில் நூறு தடவை அந்தக் கதவைத் தாண்டி ஓடுகிறவள். இருட்டியபின் அவளுடைய அப்பாவை விழுங்குகிற சுரங்கக் குழி எங்கள் வாசலுக்கே வந்துவிடுவதாக நினைத்திருக்கிறாள். சங்கு ஊதும்போது எழுப்பி அந்த இருட்டில் நான்தான் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். என் நாலாவது படிப்பில் இது வரவில்லை. இரண்டு மாதமாக லைன் முழுக்க யோசனை கேட்டேன். அவளிடம் மட்டும் கேட்கவில்லை.

அன்றைக்கே ஆண்டர்சன்பேட்டைக்கு நடந்து போய் வாயகன்ற மண் சட்டி ஒன்று வாங்கிவந்தேன். அடியில் சாம்பல் போட்டு, ராத்திரி அவள் போவதற்கு வீட்டுக்குள்ளேயே மூலையில் வைத்து, ஒரு சிறு விளக்கைத் தணித்து எரியவிட்டேன். பாய்க்கு அடியில் விரிக்க என் வீட்டுக்காரர் கிழிந்த கித்தான் துண்டு ஒன்று கொண்டுவந்தார். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்குள் சட்டி வைத்த செய்தியும் தட்டி வழியாகப் போய்ச் சேர்ந்தது. "சோறு துண்ற எடத்துல சட்டியா?" என்று மேஸ்திரியம்மா மூக்கைப் பிடித்தாராம்.

சட்டி வந்த முதல் வாரத்தில் இரண்டு நாள் காய்ந்த பாய். அது எனக்குப் பெரிய சம்பாத்தியம். அதற்குள் அடைமழை பிடித்துக்கொண்டது. ஆறு நாள் சூரியனே இல்லை. வீட்டில் இருந்தது இரண்டு கம்பளி. இரண்டும் ஈரம்.

காலையில் ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் புலம்பினேன். அவர் ஏனோ சிரித்தார்.

"பாய்லர் ஷெட்டு பின்னால போ. செவுரு நல்லா சுடும். காய வெச்சிகினு வா."

"யாராச்சும் பாத்தா?"

"போயேன். நீயே பாப்பே."

பாய்லர் கொட்டகைக்குப் பின்னால் சாம்பல் மேடு உண்டு. எரிந்து மிஞ்சிய கரித்துண்டு பொறுக்கப் பெண்கள் அங்கே போவது வழக்கம்தான். நானும் கரி பொறுக்கப் போகிறவளைப் போலக் கூடை எடுத்து, கம்பளியை அடியில் சுருட்டி வைத்து, மேலே கோணி போட்டு மூடிக்கொண்டு, மகளையும் கையில் பிடித்துக்கொண்டு போனேன்.

கூரை இறக்கத்துக்குக் கீழே, மழை படாத சுவரோரம் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லாரிடமும் கரிக்கூடை. ஒருவரும் கரி பொறுக்கவில்லை. கூடைகள் காலியாக இருந்தன. சுவர் முழுக்கக் கம்பளியும் பாயும் துப்பட்டியும் ஆவி விட்டுக்கொண்டு தொங்கின. நடுவில், நல்ல இடமாகப் பார்த்துப் பிடித்து, இரட்டைக் கம்பளியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றவர் மேஸ்திரியம்மா. சற்றுத் தள்ளி, குடையை முகத்துக்கு நேராகச் சாய்த்துக்கொண்டு உபதேசியார். அவர் கையில் ஒரு சின்ன மெத்தை.

நான் கம்பளியை வெளியே எடுத்தேன். மேஸ்திரியம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"இப்டிக்கா போடு. இங்கதான் சூடு ஜாஸ்தி" என்றார்.

"மழைல நனஞ்சிடுச்சா அக்கா?" என்று கேட்டேன். என் குரலில் இருந்த தேனை நினைத்தால் இப்போதும் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அவர் என்னை நேராகப் பார்த்தார். "மழ இன்னா மழ. எம் புள்ளதான். ஏழு வயசாவுது, இன்னும் நிக்கல. நாலு வருசமா இந்த செவுத்துக்கு வந்துகினு கீறேன். போதுமா?"

"அப்போ, ஒரு நாளு கூட இல்லேன்னு சொன்னீங்களே?"

"நீ மூணு வயசுப் பொண்ண வெச்சிகினு லைன் பூரா பீத்திகினு திரிஞ்சே. ஏழு வயசுப் புள்ளய வெச்சிகினு நான் இன்னான்னு சொல்றது? சொல்லு, இன்னான்னு சொல்றது?"

வேறு ஒருத்தி முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரியம்மாவும் கம்பளியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். உபதேசியாரின் குடை மட்டும் அசையவில்லை.

திரும்பி வரும்போது மேஸ்திரியம்மா என்னோடு சேர்ந்து நடந்தார். மெதுவாக, "அந்த சட்டி இன்னா சைசு?" என்று கேட்டார். அந்த வாரம் பேட்டையில் வாயகன்ற சட்டி கிடைக்காமல் போனது என்று கேள்விப்பட்டேன்.

மழைக்காலம் முடிந்தது. என் மகள் வாரத்தில் மூன்று நாள் நனைத்தாள், பிறகு ஒரு நாள், பிறகு எப்போதாவது. எந்த நாளோடு நின்றது என்று எனக்குத் தெரியாது. நனைத்த நாளுக்குத்தான் எங்கள் வீட்டில் ஆர்ப்பாட்டம் இருந்தது. நனைக்காத நாள் சத்தமில்லாமல் வந்து போயிருக்கிறது.

அறுக்க வயலே இல்லாத எங்கள் ஊரில் அறுப்புப் பண்டிகை விமரிசையாக நடக்கும். அந்த வருஷப் பண்டிகையில், ஆண்டவர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து சொல்லலாம் என்று உபதேசியார் கேட்டுக்கொண்டார். ஒருவர் காய்ச்சல் போனதைச் சொன்னார். ஒருவர் குழியில் கல் விழுந்தும் தப்பியதைச் சொன்னார். நான் தடுப்பதற்குள் என் மகள் எழுந்து நின்றாள்.

"நானு இப்போ ராத்திரில நனைக்கறதே இல்ல. ஸ்தோத்திரம்."

ஆண்கள் பக்கம் முன்வரிசையிலிருந்து உபதேசியாரின் மகன் எழுந்தான். அவனுக்கு ஆறு வயது.

"நானு நேத்து மட்டும்தான் நனச்சேன். ஸ்தோத்திரம்" என்றான்.

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு, "இப்போது நாம் எழுந்து ஒரு பாட்டுப் பாடுவோம்" என்றார். எந்தப் பாட்டு என்று சொல்லவில்லை. ஆளுக்கொரு பாட்டாகத் தொடங்கினார்கள்.