கத்தரிக்காய் சொன்ன சாட்சி

போன கிழமை ஒருநாள் காலையிலேயே வெள்ளவத்தையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான், பக்கத்து வீட்டு கணேசலிங்கம், அவர் மனைவி பவளம். கணேசலிங்கத்தின் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். முதல்நாள் இரவு எட்டு மணிக்குப் பிறகு பச்சைத் தண்ணீரும் கூடாது என்பது உத்தரவு.

வழியில் மூன்று செக்பொயின்ட். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, பை... எல்லாவற்றையும் கிண்டினார்கள். வயிற்றை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அதை டொக்டர் பார்த்தார். பார்த்துவிட்டுக் கோபமாக வெளியே வந்தார்.

"அம்மா, இவர் காலமை சாப்பிட்டிருக்கிறார். உள்ளுக்குச் சாப்பாடு கிடக்குது!"

பின்னாலேயே வந்த கணேசலிங்கம், "சத்தியமா இல்லை டொக்டர்" என்றார். குழாய் விட மருந்தடித்து மரத்த தொண்டையில் காற்றுத்தான் வந்தது.

பவளத்துக்கு ஆறு மாதமாகவே சந்தேகம். நாலு வாய் சாப்பிட்டதும் 'வயிறு நிரம்பிட்டுது' என்று சோற்றுக் கோப்பையைத் தள்ளுகிற புருஷன். கந்தோரில் வேலை முடிந்து கடையில் சாப்பிட்டுவிட்டுத்தானே வருகிறார்? சமைத்தவருக்கு இதைவிட அவமானம் உண்டா?

"எனக்குத் தெரியும்! களவாய்த் தின்னுறவருக்கு இண்டைக்கு மட்டும் விரதமோ?"

"கத்தரிக்காய்த் தோல் கிடக்குது" என்றார் டொக்டர்.

பவளம் திகைத்துப் போனார். "கத்தரிக்காயோ? அது நேற்று ராத்திரி நான் வைச்ச கறி. ஏழு மணிக்குச் சாப்பிட்டவர். மிச்சமில்லை, சட்டி கழுவிக் கவிட்டது நான்தான்!"

இப்போது காலை ஒன்பது. பதினான்கு மணித்தியாலம்!

டொக்டரின் கோபம் இறங்கியது. கணேசலிங்கத்தின் நோய் ஏற்கெனவே தெரிந்ததுதான் — சொந்த உடம்பே இரைப்பையைத் தாக்குகிற அழற்சி. மாதாமாதம் வைட்டமின் ஊசி அதற்குத்தான். இந்த நோய்க்காரர் சிலருக்கு இரைப்பை மெதுவாகத்தான் காலியாகுமாம். யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்வதுதான் கஷ்டம். வயிறு ஊதுது, நிரம்புது என்று எல்லோருமே சொல்கிறார்களே!

"ஆனா ராத்திரிக் கறி காலமையும் நிண்டால், இவருக்கு அதுதான் எண்டு நான் பந்தயம் கட்டுவன். சோதிச்சுப் பாப்பம்."

சாப்பாட்டில் கதிர்வீச்சு மருந்து துளி கலந்து கொடுத்து, அது வயிற்றை விட்டு இறங்குகிறதா என்று நாலு மணித்தியாலம் வெளியிலிருந்தே கமராவில் பார்த்தார்கள். முடிவு நேற்று வந்தது. பந்தயத்தில் டொக்டருக்கே வெற்றி.

பவளம் மன்னிப்புக் கேட்டாரா? இல்லை. சின்னக் கோப்பை ஒன்று வாங்கினார். நாளுக்கு ஆறு தரம், கொஞ்சம் கொஞ்சமாக.

"ஆறு மாசமாய் என்னைக் கள்ளன் எண்டனீரெல்லே?"

"உங்களுக்காகச் சாட்சி சொன்னதும் நான்தானே! கதையாமல் சாப்பிடுங்கோ."

மூன்று செக்பொயின்டிலும் செல்லுபடியாகும் அட்டை வைத்திருந்த மனிதருக்கு... வீட்டில் செல்லுபடியானது கத்தரிக்காய்த் தோல்தான்.