மூன்றாவது இடம் இல்லை

செய்தியைச் சொன்னவர் ஒரு டொக்டர். போன புதன்கிழமை பிற்பகல், சிட்னி டூங்கபியில் என் வீட்டுத் தொலைபேசி அடித்தபோது மூன்று மணி இருக்கும்.

"அன்ரி, கேள்விப்பட்டியளே? அந்தக் காவல்காரன் மோசம் போயிட்டார். ஹார்ட் அற்றாக்காம்."

"எந்தக் காவல்காரன்?" எனக்குத் தெரியும். அவர் வாயால் பெயர் வரட்டும் என்றுதான் கேட்டேன்.

"அதுதான் அன்ரி, கொதிக்கிற வெயிலுக்கையும் கோட்டுப் போட்டுக்கொண்டு திரிவாரே."

பெயர் வரவில்லை. அந்த மனிதரின் கையால் ஒருமுறை காப்பாற்றப்பட்ட டொக்டருக்கு அவருடைய கோட்டு மட்டுமே நினைவில் இருந்தது. "சிவசம்பு" என்று நான்தான் சொன்னேன். அந்த அழைப்பில் பேசிய மிச்சத்தைக் கடைசியில் எழுதுகிறேன். டொக்டரின் பெயரை எழுதமாட்டேன். நமது மன்றத்தின் இந்த இதழை அவரும் வாசிப்பவர். தன்னைத் தனக்குத் தெரியும்.

சிவசம்புவை அறிந்தவர்கள் நீங்கள் எல்லோரும். அறிந்தும் மரணச்சடங்குக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். எங்கள் கூட்டத்தில் யாருடன் பேசத் தொடங்கினாலும் மூன்று நிமிடத்துக்குள் பேசுகிறவரின் பல்கலைக்கழகப் பட்டம் காதில் விழுந்துவிடும். சிவசம்புவிடம் பட்டம் இல்லை. இலங்கையில் பொலிஸ் சார்ஜனாக இருந்தவர். சிட்னிக்கு வந்தபின் தொழிற்சாலைகளுக்குச் சம்பளப் பணம் கொண்டுபோகும் வண்டியில் காவலுக்குப் போனார். கோட்டுக்குள்ளே, விலாவோடு ஒரு கைத்துப்பாக்கி. கோட்டு அதை மறைக்கத்தான். பொறியியலாளர்களும் கணக்காளர்களும் அதைப் பெரிய பகிடியாக்கிச் சிரித்தார்கள். நானும் யோக்கியம் இல்லை. அவர் முதல்முறை என் வீட்டுக்கு வந்தபோது விளிம்பு உடைந்த கோப்பையில்தான் தேத்தண்ணீர் கொடுத்தேன். வீட்டில் நல்ல கோப்பைகள் ஆறு இருந்தன.

அதிகாலையில் வேலைக்குப் போகவேண்டியவர் என்பதால், துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருக்க அவருடைய கொம்பனி எழுத்தில் அனுமதி கொடுத்திருந்தது. அவருடைய பழைய ஹோல்டன் காரின் பின்பெட்டியில் ஓர் இரும்புப் பெட்டியை அடித்தளத்தோடு சேர்த்து முறுக்கிப் பூட்டியிருந்தார். எந்த வீட்டுக்கு வந்தாலும் அந்த வீட்டு வாசலில் அதைத் திறக்கமாட்டார். இரண்டு தெருவுக்கு முன்னாலேயே ஆளில்லாத இடத்தில் நிறுத்தி, துப்பாக்கியைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டுத்தான் வருவார். ஏன் இந்தக் கூத்து என்று கேட்டேன்.

"வந்து நிக்கிற இடத்தில பெட்டியைத் திறந்தா, பாக்கிறவனுக்கு எங்க என்ன கிடக்கு எண்டு நாங்களே சொல்லிக் குடுத்த மாதிரி, அம்மா. துவக்கு உடம்பில இருக்கவேணும். இல்லாட்டிப் பூட்டுக்குள்ள இருக்கவேணும். மூண்டாவது இடம் இல்லை."

மூன்று வருடங்களுக்கு முந்திய சரஸ்வதி பூசைக்கு நாங்கள் எல்லோரும் ஒரு கணக்காளர் வீட்டில் கூடியிருந்தோம். வரவேற்பறையில் கொலு மாதிரி அடுக்கிய படையல். புத்தகங்கள், வீணை, அவரவர் தொழிற்கருவிகள். டொக்டரின் ஸ்டெதஸ்கோப், ஒரு பொறியியலாளரின் அளவுகோல், வீட்டுக்காரியின் தையல் கத்திரிக்கோல். பூசைக்கு வைத்ததை மறுநாள் காலை விஜயதசமிக்குத்தான் எடுக்கலாம். பிள்ளைகளுக்கு அந்த அறையிலேயே பாய் விரிப்பதாக ஏற்பாடு. அப்போது ஆறு வயதான என் பேத்தியும் அவர்களில் ஒருத்தி.

"ஐசே சிவசம்பு," என்றார் டொக்டர், "உம்மட ஆயுதத்தையும் கொண்டுவந்து வையுமன். ஆயுத பூசையில ஆயுதம் வைக்காட்டி என்ன பூசை?"

"அது கொம்பனியின்ர சாமான், டொக்டர். பூட்டுக்க கிடக்கு. கிடக்கட்டும்."

"பயந்தாங்கொள்ளி சார்ஜன்" என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் டொக்டருக்கு வீரம் வந்துவிட்டது. அவர் ஒரு துப்பாக்கிச் சுடும் கழகத்தில் அங்கத்தவர். கழகத்துக்கென்று கிடைத்த உரிமப் பத்திரத்தை உலகத்துக்கே கிடைத்ததாக நினைத்தவர். வெளியே போய்த் தன் காரின் முன் சீற்றுக்கு எதிரே இருக்கும் லாச்சிக்குள்ளிருந்து, வீதிப்படப் புத்தகத்துக்கு அடியில் கிடந்த ஒரு சின்னக் கைத்துப்பாக்கியை எடுத்து வந்து, சந்தனமும் குங்குமமும் தொட்டு, புத்தகங்களுக்கு நடுவே வைத்தார். படித்தவர்கள் கைதட்டினார்கள்.

"குண்டு இருக்கே?" என்று கேட்டார் சிவசம்பு.

"இல்லையப்பா. குண்டு போடுற மகசினைக் கழட்டிப்போட்டன்."

சிவசம்பு படையலை நோக்கிக் கையை நீட்டினார். அப்போது அவரைத் தடுத்தது டொக்டர் இல்லை. நான்.

"வைச்சதை நாளைக்குக் காலமைதான் எடுக்கலாம்" என்றேன். "இது சந்தை இல்லை."

"அம்மா, உங்கட பேத்தியும் இந்த அறையிலதானே படுக்கப்போறா?"

"சரஸ்வதி பாத்துக்கொள்ளுவா."

கன்னியர் மடத்துப் பள்ளியில் பத்து வருடம் ஒழுங்கு படித்தவள் சொன்ன பதில் அது. ஒரு சார்ஜன் எனக்குச் சாத்திரம் சொல்வதா என்ற எண்ணம்தான் அப்படிப் பேச வைத்தது. அதில் பக்தி எள்ளளவும் இல்லை.

அவர் என்னோடு வாதாடவில்லை. துப்பாக்கியை எடுத்தார். வாயை யாரும் இல்லாத சுவரின் பக்கம் பிடித்துக்கொண்டு மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்தார். குழலுக்குள் ஏறியிருந்த ஒரு குண்டு வெளியே தெறித்து, படையலில் இருந்த பித்தளைக் குங்குமத் தட்டில் விழுந்தது. மகசினைக் கழற்றினாலும் குழலுக்குள் ஒன்று நிற்கும் என்பது, எத்தனையோ பரீட்சைகளில் தேறிய அந்த மூளைக்குத் தெரிந்திருக்கவில்லை.

சிவசம்பு துப்பாக்கியை ஒரு துணியில் சுற்றி டொக்டரிடம் கொடுத்து, "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிப்போட்டு வாங்கோ. நாங்கள் பாத்துக்கொண்டிருப்பம்" என்றார். டொக்டர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அதன்பின் முதலில் வாய் திறந்தவள் வீட்டுக்காரி. "பூசை குழம்பிப் போச்சு" என்றாள். அடுத்த வருடப் பூசைக்கு டொக்டருக்கு அழைப்புப் போனது. சிவசம்புவுக்குப் போகவில்லை. அழைப்புப் பட்டியலை எழுதிய கையெழுத்து என்னுடையது.

அதற்கு அடுத்த குளிர்காலத்தில் மெல்பேணிலிருந்து எனக்கு டிரங்க் கோல் வந்தது. மகளுக்கு அவசரமாகச் சத்திரசிகிச்சை. விமானம் எனக்குப் பயம். அதை அதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. கைதட்டிய கனவான்கள் ஒவ்வொருவரையும் கேட்டேன். ஒருவருக்குக் கிளினிக், ஒருவருக்கு வரி வேலை, ஒருவருக்கு முதுகு நோ. சிவசம்புவை நான் கேட்கவில்லை. எப்படியோ கேள்விப்பட்டு அவரே வந்தார். கொம்பனி அவரை மெல்பேண் கிளைக்குச் சில வாரங்கள் அனுப்பியிருந்தது. அடுத்த மாநிலத்துக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோகும் பத்திரம் எல்லாம் கையில் இருந்தது.

"நாளைக்குக் காலமை வெளிக்கிடுறன் அம்மா. பின் சீற்றில இடம் கிடக்கு" என்றார்.

மெல்பேண் போகும் ஹியூம் நெடுஞ்சாலையில் அவர் எங்கேயும் ஆறுதலாக இருந்து சாப்பிடவில்லை. கார் கண்ணுக்குத் தெரியும் யன்னல் ஓரம் கிடைத்தால் ஐந்து நிமிடம், இல்லாவிட்டால் காரிலேயே. இடைவழியில் ஆல்பரியில் மோட்டலில் தங்கியபோது, இரவுக்குக் கார்ப் பெட்டி போதாது என்று சொல்லி, துப்பாக்கியை ஒரு சின்ன இரும்புப் பேழையில் தன் அறைக்குள் கொண்டுபோய்க் கட்டில் காலோடு சங்கிலியால் பிணைத்தார். குண்டுகளுக்கு வேறு தகரப்பெட்டி, வேறு பூட்டு. இவ்வளவையும் ஒருவரும் பார்க்காத இடத்திலும் செய்தார். சபையில் கைதட்டு வாங்கச் செய்கிற காரியமாக அது இருக்கவில்லை.

மறுநாள் ஒரு பெற்றோல் நிலையத்தில் அவருக்குக் கழிப்பறைக்குப் போகவேண்டியிருந்தது. காரைத் தனியே விட மனமில்லை. தயங்கி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, நீங்கள் காருக்குள்ள இருங்கோ. உங்களை விட நம்பிக்கையான காவல் எனக்குக் கிடையாது. வைச்சதை ஒருத்தரையும் எடுக்க விடமாட்டியள்."

அந்தப் பூசையைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான். சிரிக்காமல் சொன்னார். மன்னிப்புக் கேட்க நான் வாய் எடுப்பதற்குள் போய்விட்டார். அவர் வரும்வரை முதுகு சீற்றில் படாமல் இருந்தேன். மன்னிப்பைப் பிறகு கேட்கலாம் என்று வைத்தேன். கேட்கவேயில்லை.

இனி, அந்தத் தொலைபேசி அழைப்பின் மிச்சம்.

"உம்மட துவக்கு இப்ப எங்க?" என்று டொக்டரைக் கேட்டேன்.

சிரித்தார். "இன்னும் மறக்கேல்லையே அன்ரி? அது கார் லாச்சிக்கதான் கிடக்கும்."

"கார் எங்க?"

"மனிசி பிள்ளையளை ஏத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போயிட்டா."

அவருடைய வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அடுப்பை அணைத்துவிட்டுக் கைப்பையோடு நடந்தேன். எனக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் நோ. நான் கேற்றடிக்குப் போகவும் கார் வரவும் சரியாக இருந்தது. முன் சீற்றில் டொக்டரின் சின்ன மகள். அவள் மடியில் விரித்தபடி வீதிப்படப் புத்தகம். லாச்சி திறந்து கிடந்தது. துப்பாக்கி அதற்குள் தெரிந்தது.

பிள்ளைகளை இறக்கிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன். டொக்டர் வெளியே வந்தார்.

"குண்டு இல்லை அன்ரி."

"திறந்து காட்டும்."

லாச்சியிலிருந்து எடுத்துத் திறந்தார். இந்த முறை குழலுக்குள் இல்லை. மகசினில் இருந்தன. அதைக் கழற்றித் தன் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பூட்ட எங்கே இடம் என்று கேட்டேன். இத்தனை வருடமாக அந்த வீட்டில் அதற்கு ஒரு பெட்டி இல்லை. இரும்புச் சாமான் கடை ஐந்து மணிக்குப் பூட்டும் என்று நினைவூட்டினேன். அவர் பெட்டி வாங்கக் காரை எடுத்துக்கொண்டு போனார்.

வெறுந்துப்பாக்கியை என் கைப்பைக்குள் வைத்தேன். அதற்குச் சட்டம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. உடம்பில், இல்லாவிட்டால் பூட்டில். எனக்குத் தெரிந்த சட்டம் அதுதான். டொக்டரின் மனைவி குசினிக்குள் ஒரு கதிரை போட்டு, தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன்.

சிவசம்புவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் காவல் வேலை. அன்று பெட்டி வந்து, பூட்டுப் போட்டு, அந்தப் பூட்டின் திறப்பு டொக்டரின் மனைவியின் கைக்குப் போகும்வரை நான் கதிரையில் சாயவில்லை.