கனடாவில் பூங்கனி வைத்த பிடியரிசி

பனியைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். நான் கண்ணால் கண்ட பனியெல்லாம் எங்கள் வீட்டுப் பிரிட்ஜின் மேல்தட்டில் இருப்பதுதான். மற்றதெல்லாம் பக்கத்து வீட்டுப் பூங்கனி சொன்னது.

பூங்கனிக்கு ஐம்பத்தெட்டு வயது. அவள் கணவர் ஜான்ரோஸ் கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்வெட்டியவர். இருவரின் ஒரே மகள் சுபிதா கனடாவில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவளுடைய பேறுகாலம் பார்க்கப் பூங்கனி போன அக்டோபரில் விமானம் ஏறினாள். ஆறு மாதத்துக்கு டிக்கெட். ஜான்ரோசுக்கு நெஞ்சில் சளிக்கட்டு. அந்தக் குளிருக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவர் இங்கேயே தங்கினார்.

எங்கள் சபைப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சோற்றுக்கு அரிசி அளந்ததும், உலையில் போடுமுன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போடுவோம். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போய், ஆராதனை முடிந்ததும் ஏலம் போகும். தின்ன எடுத்ததிலிருந்து கொடுத்தால்தான் காணிக்கை. சாக்கிலிருந்து சும்மா அள்ளிப் போட்டால் அது சேராது. பூங்கனி போனபிறகு ஜான்ரோஸ் தானே பொங்கி, தானே பிடியரிசி வைத்தார்.

கனடாவிலும் பூங்கனி அதை விடவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு ரொட்டிக் கவரில் ஒரு வாரத்து அரிசியைக் கட்டிக்கொண்டு போய்க் காணிக்கைத் தட்டில் வைத்துவிட்டாள். தட்டு ஏந்தி வந்த வெள்ளைக்காரக் கிழவர் கவரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், பிறகு கவரை இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனார். ஏழைகளுக்கு டப்பா உணவு சேர்க்கிற பெட்டியில் அது போய்ச் சேர்ந்தது.

"ஏலம் போட மாட்டாவளாட்டி?" என்று மகளிடம் கேட்டாளாம்.

"அம்மா, பேசாம இரி."

நவம்பரில் பேரன் பிறந்தான். டிசம்பரில் குளிர் இறங்கியது. தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய் கல்லாகிவிட, பூங்கனி பாட்டிலை மடியில் வைத்து அடைகாத்தாள். வெயிலைக் கண்டு நம்பி வெளியே காயப்போட்ட நைட்டி பலகையாகிவிட்டது. கழற்றி எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாளாம். அதற்கு இரண்டு கால் முளைத்து உள்ளே நடந்து வந்தது என்று நான் ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஆனால் சிரிக்கிற காலம் அல்ல அது. மருமகன் ஷிஜின் லாரி ஓட்டப் போனால் வாரம் கழித்துத்தான் வருவான். சுபிதாவுக்குப் புது வேலை. நீண்ட லீவு கிடையாது. குழந்தைக் காப்பகத்தில் ஏப்ரலில்தான் இடம் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிறன்று பஸ் கிடையாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பனியில் நடக்கவும் முடியாது. கோயிலுக்குப் போவது நின்றுபோயிற்று. பிடியரிசி பால்பொடி டப்பாக்களில் நிறைந்து ஜன்னலோரம் வரிசையாக நின்றது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை, ஒரு காக்கா இல்லை.

நாலரைக்கே அங்கே இருட்டிவிடும். இருட்டினால் ஜெபம் என்பது பூங்கனியின் கணக்கு. அவள் சாயங்கால ஜெபத்துக்கு உட்காரும்போது இங்கே விடியற்காலை நாலு மணி. பால்வெட்டுக்காரனுக்கு ஓய்வு பெற்றாலும் நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடும். ஜான்ரோஸ் அடுக்களை விளக்கைப் போட்டு, பாலில்லாத கட்டன்சாயா வைத்துக்கொண்டு வீடியோவில் வருவார். இருவரும் சேர்ந்து ஜெபிப்பார்கள். முடிந்ததும் ஒரே கேள்விதான்.

"அரிசி வச்சியளா?"

"வச்சேன். நீ வச்சியா?"

"வச்சேன்."

வேறு கொஞ்சல் அவர்களுக்குத் தெரியாது.

கிறிஸ்மஸ் கழிந்ததும் ஜான்ரோசுக்கு இருமல் கூடிற்று. அடுப்படியில் நிற்கவோ கோயிலுக்கு நடக்கவோ மூச்சு இல்லை. நான்தான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிலும் பாதி கிண்ணத்தோடு திரும்பி வரும். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சரக்கா, அவளுக்கிட்ட சொல்லப்பிடாது. அவ வந்தா பிள்ளைய யாரு பாப்பா? சுபிதாவுக்கு வேல போயிரும். ஏப்ரல் வர நான் தாக்குப்பிடிச்சிருவேன்."

பூங்கனி எனக்கும் போன் செய்தாள். "டீச்சரக்கா, அவிய சாப்பிடுதாவளா? நேரு சொல்லுங்க, பொய் வேண்டாம். நான் பொறப்பட்டு வரணுமா?"

அவள் கேட்டதெல்லாம் அந்த ஒன்றுதான். நான் என் பிறவிக் குணத்தைக் காட்டினேன். "உனக்க மாப்பிளையா? நேத்து ஒரு கூடை மரச்சீனிக் கிழங்கு அவிச்சேன், மீன்கறியோட ஒத்தைக்கு முடிச்சிட்டு, கூடையையும் கடிக்கப் பாத்தாரு மக்கா."

அவள் சிரித்தாள். வரவில்லை.

பிப்ரவரி இரண்டாம் வாரம் ஒரு காலையில் நான் கஞ்சியோடு போனபோது அடுக்களையில் விளக்கு எரியவில்லை. ஜான்ரோஸ் கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தார். உடம்பு ஆறியிருந்தது.

பனிப்புயலில் விமானம் ஒருநாள் தள்ளிப்போய், மூன்றாம் நாள் மத்தியானம் பூங்கனி வந்து சேர்ந்தாள். சுபிதா பிள்ளையோடு கனடாவிலேயே அழுதுகொண்டிருந்தாள். ஜான்ரோசைக் கூடத்தில் குளிர்பெட்டியில் வைத்திருந்தோம். கண்ணாடியில் நீர் பூத்து முகம் மங்கித் தெரிந்தது. பூங்கனி முந்தானையால் அதைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மறுபடி பூத்தது.

"அந்தக் குளிர்ல இருந்து ஓடியாறேன். நீங்க இங்க குளிருக்குள்ள கெடக்கியளே," என்றாள்.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் அடுக்களையைத் துப்புரவாக்கினோம். அடுப்பின்மேல் சோற்றுப்பானை கவிழ்ந்திருந்தது. நிமிர்த்தினால் உள்ளே சிலந்தி வலை. பிடியரிசி டப்பாவோ விளிம்புவரை நிறைந்து, மூடி பொருந்தாமல் இருந்தது. மனுஷன் பொங்கித் தின்னவில்லை. ஆனால் தினமும் சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போட்டிருக்கிறார். வச்சேன் என்று சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே.

"இது சேராதே, டீச்சரக்கா," என்றாள் பூங்கனி. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பொருந்தாத மூடியை அழுத்தினாள்.

என் வாயில் இத்தனை காலமும் வந்த பொய்களில் யாருக்கும் ஒரு சேதமும் இல்லை என்றிருந்தேன். அந்த ஒரு கூடை மரச்சீனி மட்டும் ஒரு பெண்ணைப் பனிக்கு அந்தப்பக்கம் நிறுத்திவிட்டது.

இதுவரை எழுதியதை இன்று பூங்கனிக்கு வாசித்துக் காட்டினேன். சுளவில் அந்த அரிசியைப் பரப்பி வண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாள்; ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோகப் போகிறாளாம், சேர்ந்தாலும் சேராவிட்டாலும். வாசித்து முடித்ததும் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"கடைசியில எழுதினத மாத்துங்க. நீங்க சொன்னத நான் நம்பல. வீடியோவுல அவியளுக்குப் பொறத்தால அந்தப் பானை ஜனவரி முழுக்கக் கவுந்தே கெடந்தது. தெனமும் பாத்தேன். பாத்துக்கிட்டேதான் அரிசி வச்சியளான்னு கேட்டேன்."