சதுரக் கட்டம்

எங்கள் அண்ணனுக்கு நீள முகம். பெண் பார்க்கப் போன இடத்தில் யாரோ "குதிரை மூஞ்சி" என்று முணுமுணுத்தது எப்படியோ அம்மா காதுக்கு வந்துவிட்டது. கல்யாணம் முடிந்து வெகுநாள் வரைக்கும் மதினியிடம் அதைச் சொல்லிக்காட்டினாள். அதே அம்மாதான் அண்ணனை "என் முருங்கைக்கா" என்று கொஞ்சுவாள். பெற்றவள் சொன்னால் கொஞ்சல், சம்பந்தி வீட்டார் சொன்னால் சண்டை.

அண்ணன் வடக்கே ஒரு சாயக் கம்பெனிக்கு வேலைக்குப் போனான். நான்தான் மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பக்கத்து வீட்டுக்கு போன் வரும். பொங்கலுக்குப் பிறகு அது நின்றுபோனது. கம்பெனியில் கேட்டால் ஆள் வேலையை விட்டுப் போய்விட்டான் என்றார்கள். எங்கே போனான் என்று கேட்டதற்கு இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

அடையாளம் தெரியாமல் கிடைத்த பிணங்களின் படங்களை அந்தப் பக்கத்துப் போலீஸ் இன்டர்நெட்டில் போடுகிறார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி இதைச் சொன்னார். அங்கே இல்லை என்று தெரிந்தால் அதுவே ஒரு நிம்மதிதானே என்றார். எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம்தான்.

அப்போது நான் தல்லாகுளத்தில் ஒரு ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் படங்களைச் சரிசெய்யும் வேலையில் இருந்தேன். பாஸ்போர்ட் படம், ஜாதகத்தோடு அனுப்பும் படம். கன்னம் உப்பிய பெண்ணைப் பக்கவாட்டில் கொஞ்சம் அமுக்கி ஒல்லியாக்குவது என் அன்றாடப் பிழைப்பு. அம்மாவும் ஒருமுறை கடைக்கு வந்து அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். கடையில் இன்டர்நெட் கிடையாது. அதற்குப் பக்கத்துச் சந்திலிருந்த பிரவுசிங் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

அம்மா தானும் வருவேன் என்று நின்றாள். மதினியை மட்டும் வரவிடவில்லை. பூவும் பொட்டுமாக இருக்கிறவள் அந்தப் படங்களை எல்லாம் பார்க்கக் கூடாது என்றாள்.

பிளைவுட் தடுப்புக்குள் இருந்தது ஒரே நாற்காலி. அம்மாவை உட்காரவைத்து நான் குனிந்து நின்றேன். படங்கள் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. அடுத்த தடுப்பில் பையன்கள் யாரோடோ சாட் செய்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். வரிசை வரிசையாக மூடிய கண்கள், பாதி திறந்த வாய்கள். அம்மா ஒவ்வொன்றையும் பார்த்து இல்லை என்று தலையாட்டினாள். ஒரு படத்தின் கீழே ஆங்கிலத்தில் ஒல்லியான ஆள், நீலக் கட்டம் போட்ட சட்டை என்று இருந்தது. அண்ணனிடமும் ஒரு நீலக் கட்டச் சட்டை இருந்தது. படத்தில் இருந்தவனுக்கோ நல்ல அகல முகம், புடைத்த கன்னம்.

"இது எம்புள்ள இல்ல" என்றாள் அம்மா. "எவ பெத்த புள்ளையோ, பாவம்."

வெளியே வந்ததும் பூக்காரியிடம் மதினிக்கு மல்லிகை வாங்கினாள். கோச்சடையில் வீடு போய்ச் சேரும்வரை பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வீட்டில் குழம்பு கொதித்தது.

மதினி பூவை வைத்துக்கொண்டு தையல் மிஷினில் உட்கார்ந்தாள். அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். அண்ணன் சட்டைகளும் அவள் தைத்ததுதான். நான் அந்த நீலக் கட்டத்தைப் பற்றிச் சொன்னதும் மிஷினை நிறுத்திவிட்டு, கட்டம் சதுரமா நீட்டமா என்று கேட்டாள். அகலவாக்கில் நீட்டமாக, செங்கல்லைப் படுக்கப்போட்ட மாதிரி இருந்தது என்றேன்.

"நான் தச்சுக் கொடுத்தது சதுரக் கட்டம் தம்பி. அப்ப அது வேற சட்டை." மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அவளுக்கு வந்த நிம்மதி எனக்கு வரவில்லை. அம்மா அகல முகத்தைப் பார்த்து இல்லை என்றாள். மதினி அகலக் கட்டத்தைக் கேட்டு இல்லை என்றாள். முகம் உப்பலாம், செத்த உடம்பு வீங்கும். துணியில் போட்ட கட்டம் வீங்குமா?

அப்புறம்தான் உறைத்தது. அந்த இன்டர்நெட் பக்கத்தில் எல்லாப் படமும் ஒரே அளவில் இருந்தது. குட்டையும் நெட்டையும் கலந்து வந்த படங்கள் எப்படி ஒரே அளவாக இருக்கும்? அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று பக்கத்தைச் செய்தவர் எழுதிவைத்துவிட்டால் பிரவுசர் எதிர்த்துக் கேட்காது. நெட்டுக்குத்தலாக எடுத்த படத்தையும் அந்த அளவுப் பெட்டிக்குள் அமுக்கி அகலமாக்கிக் காட்டும். பத்து விரலாலும் இதே வேலையைச் செய்கிற எனக்கு அது அங்கேயே தெரிந்திருக்க வேண்டும். தெரிய வேண்டாம் என்று மனசு நினைத்ததோ என்னவோ.

மறுநாள் காலையில் கடைக்குப் போகாமல் சென்டருக்குப் போனேன். படத்தின் முகவரியை மட்டும் எடுத்துத் தனியாகத் திறந்தேன். பெட்டி இல்லாமல் தன் சொந்த அளவில் அது இறங்கியது. திரையைவிட நீளமாக இருந்ததால் முடியும் நெற்றியும் மட்டும்தான் முதலில் தெரிந்தன. கீழே இழுக்க எனக்குக் கை வரவில்லை. பிறகு இழுத்தேன். கட்டங்கள் சதுரமாக இருந்தன. முகம் நீளமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மதினியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. நான் பார்க்கணும் என்று மட்டும் சொன்னாள். அம்மா எதிரே வந்து நின்று எங்கே போறீக என்று கேட்டாள். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் செருப்பைப் போட்டாள். இந்தமுறை மதினியைத் தடுக்கவில்லை.

நாற்காலியில் அம்மா, அவளுக்குப் பின்னால் மதினி. படத்தைச் சொந்த அளவில் திறந்து மெதுவாக இழுத்தேன். மதினியின் பார்வை முகத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோள்ல தொளதொளன்னு கெடக்கு தம்பி" என்றாள். "நான் அளவெடுத்துத் தச்சது. அம்புட்டு எளச்சுப் போயிருக்காக."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீதான இழுத்து நீட்டிவச்சிருக்க? கடையில பொண்ணுகளுக்குச் செய்வேல்ல, அதே வேல." அவளுடைய குரலில் கோபம் இல்லை. செய்தேன் என்று நான் சொல்லிவிட்டால் போதும் என்கிற கெஞ்சல்தான் இருந்தது. இல்லம்மா என்றேன். பிரவுசர், பெட்டி, அளவு என்று என்னென்னவோ விளக்கினேன். என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

"பழையபடி வையிடா" என்றாள்.

முந்தைய பக்கத்துக்குப் போனேன். வரிசை வந்தது, பெட்டிகள் வந்தன. கன்னம் புடைத்த அந்த ஊர்பேர் தெரியாதவன் மெதுவாக இறங்கினான். அம்மா முன்னால் சாய்ந்து, நேற்று பார்த்ததைவிட அதிக நேரம் அவனையே பார்த்தாள்.

"இதுவும் அவந்தான்டா" என்றாள்.