ஐந்து பேருக்கான வருமானம்

தம்பிக்குக் கனடாவில் இரண்டாவது குழந்தை பிறந்தபோது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அம்மாவை அங்கே அழைத்துக்கொள்வதென்று முடிவானது. அப்பா போன பிறகு அம்மா குன்றாண்டார்கோவிலில் தனியாகத்தான் இருந்தாள். நான் புதுக்கோட்டையில் இருந்ததால் விசா வேலைகள் என் தலையில் விழுந்தன.

சாதாரண விசிட்டர் விசாவில் ஆறு மாதம்தான் தங்க முடியும். பெற்றோருக்கென்று தனியாக உள்ள விசாவில் போனால் சில வருடங்கள் சேர்ந்தாற்போல இருக்கலாம். அதற்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும், அழைக்கிற பிள்ளைக்குக் குடும்பத்தின் அளவுக்கேற்ற வருமானமும் வேண்டும் என்றார் ஏஜென்ட்.

“தம்பி வீட்டுல நாலு பேரு. அம்மாவையும் சேத்தா அஞ்சு. அவரு சம்பளம் பத்தாதுங்க.”

“அம்மாவுக்கு வயல் இருக்கு, அப்பாவோட பென்ஷன் வருது.”

“அது அவங்க திரும்பி வருவாங்கன்னு காட்டத்தாங்க ஒதவும். வருமானம் அங்கிட்டு இருக்கணும். தம்பி சம்சாரம் வேலைக்குப் போனா ரெண்டு பேரு சம்பளத்தையும் சேத்துக் காட்டலாம்.”

போனில் சொன்னதும் தம்பி சிரித்துவிட்டான். “அவ வேலைக்குப் போகணும்னுதானேக்கா அம்மாவையே கூப்பிடுறோம்!”

அவன் மனைவி போனை வாங்கி, “நான் போறேன் அண்ணி” என்றாள்.

அவர்களுடையது காதல் கல்யாணம். அம்மா தடுக்கவில்லை. ஆனால் மருமகளோடு முகம் கொடுத்துப் பேசியதுமில்லை. வீடியோ காலில் பேரப்பிள்ளைகளைப் பார்த்ததும் போனை என்னிடம் நீட்டிவிடுவாள்.

தம்பி வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் மனைவி ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலைக்குக் கிளம்பிப் போனாள். ஒரு வருட வருமானத்தைக் காட்டிய பிறகே விசா கிடைத்தது. அதற்குள் பெரியவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள், சின்னவனுக்கும் குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைத்துவிட்டது.

“இனிமே நீ போகணுமாம்மா?” என்று கேட்டேன்.

“அந்தப் புள்ள எனக்காக மாவு மூட்டை தூக்கியிருக்கு. போகாம இருந்தா நல்லாவா இருக்கும்?”

திருச்சியில் விமானம் ஏற்றிவிட்டேன். முதலில் குளிரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். பகலில் பிள்ளைகளும் தம்பியும் போய்விட, வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும்தான். மாவு பிசைந்து வீங்கிய அவள் மணிக்கட்டுக்கு அம்மா எண்ணெய் தேய்த்துவிடுகிறாள் என்று தம்பி சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு தம்பி மனைவியே ஒருநாள் போனில் கூப்பிட்டாள்.

“அத்தை என்னைய ஷிப்ட மாத்தச் சொல்றாங்க அண்ணி. நான் தூங்காம உக்காந்து அவங்களோட பேசிக்கிட்டே இருக்கேனாம்.”

பின்னால் அம்மா ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். என்னவென்று என்னிடம் சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

காப்பீடு முடிகிற சமயத்தில், எப்போது வருகிறாய் என்று அம்மாவிடம் கேட்டேன்.

“புதுப்பிச்சாச்சு. அவதான் கட்டுனா. நீ வயல யாருக்காச்சும் குத்தகைக்கு விட்டுரு.”

அடுத்த வாரமே குன்றாண்டார்கோவிலுக்குப் போய், பக்கத்து வயல்காரரிடம் பேசி முடித்தேன்.