தறிகெட்டவள்

தோல் பதனிட ஆவாரம்பட்டை ஊறும் நாற்றம் சோற்றில்கூட ஏறிக்கொள்ளும் ஆம்பூர்த் தெரு எங்களுடையது. அன்று புறக்கடையில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, அப்பாவின் தங்கை பாக்கியம் அத்தை, தோல் ஷாப்பு மேஸ்திரி, நான், முளையில் கட்டியிருந்த எங்கள் பசு, வேறு யாருமில்லை. இருந்தும் பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

புருஷனை இழந்து எங்களோடு இருந்த அத்தை, ஷாப்பில் தோல் உலர்த்தப் போய்க்கொண்டிருந்தாள். என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிகொண்டா தேருக்குப் போனவள், திரும்புகையில் மாட்டுவண்டியின் அச்சு முறிந்ததால், சத்திரத்தில் தங்கி மறுநாள் காலைதான் வந்தாள். வண்டிக்காரர் சொன்ன ஏதோ கதைக்கு வாய்விட்டுச் சிரித்தாள், அதற்குமேல் ஒன்றுமில்லை.

"இன்னாப்பா, உன் தங்கச்சி சிரிச்ச சிரிப்பு ஷாப்பு வரைக்கும் கேக்குதே? 'தறிகெட்டவள' வேலைக்கு வெச்சுக்கினு நான் பேஜார் படணுமா?" என்றார் மேஸ்திரி.

"அச்சு முறிஞ்சதுக்கு ஒப்பாரியா வெப்பாங்க மேஸ்திரி? பாப்பா என்கூடவேதான இருந்துச்சு, அதைக் கேளுங்க" என்றாள் அத்தை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருவரும் ஒரே புடவையைப் போர்த்திக்கொண்டு தூங்கினோம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தச் சொல் என்மேலும் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து தலையைக் குனிந்துகொண்டேன். நான் குனிந்ததையே சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

மேஸ்திரி போன பிறகு அம்மாவிடம் கேட்டேன். எனக்குத் தெரிந்த தறி, குடியாத்தத்தில் துணி நெய்கிற தறிதான். அம்மா பசுவின் முளையைக் காட்டினாள்.

"இதான்டி தறி. கட்ன எடத்துல நிக்காம அத்துக்கினு போறவ தறிகெட்டவ."

"பசிச்சு மேயப் போனாக்கூடவாம்மா?"

"வாய மூடு."

பசு சுற்றிச் சுற்றி நடந்ததில் முளையைச் சுற்றி மண் வட்டமாகத் தேய்ந்திருந்தது. அந்த வாரமே அத்தையை ராணிப்பேட்டையில் அவளுடைய மச்சினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் வாசல் தாண்டியதாக அதன்பின் நான் கேள்விப்படவில்லை. 'கூடப் போனவளும் அப்படித்தானே ஆவாள்' என்று என் படிப்பையும் நிறுத்தினார்கள். மூன்றாம் வகுப்போடு சரி.

போன வாரம் என் மகள் பள்ளிக்கூடம் விட்டு விளக்கு வைத்த பிறகு வந்தாள். வாசலில் நின்று நின்று கால் கடுத்த எனக்கு, அவளைக் கண்டதும் வாயில் வந்தது அந்தச் சொல்தான்.

"தறின்னா இன்னாம்மா?" என்றாள்.

காட்டலாமென்று அதே புறக்கடைக்குத் திரும்பினேன். பசுவை விற்றுப் பல வருஷமாகிறது. முளையிருந்த இடத்தில் இப்போது துவைகல் கிடக்கிறது.

"ஒண்ணுமில்ல. சாப்ட்டுட்டுத் தூங்கு, காலைல ஸ்கூலுக்குப் போணும்" என்றேன்.